துடுப்பு மீன் சிக்கினால் பேரழிவு வருமா? கரையோரம் அகப்படும் அபூர்வ மீன்களின் பின்னணி

2025 மே மாத இறுதியில், தமிழகக் கடலில் மீனவர்களிடம் சிக்கிய மிக நீளமான வெள்ளிநிற மீன் ஒன்றைப் பலர் வரிசையாக நின்று தூக்கிப் பிடித்திருக்கும் காட்சி சமூக ஊடகங்களில் பரவியது. தலையில் சிவந்த கொண்டையும் முதுகு நெடுக ஓடும் செந்நிறத் துடுப்பும் கொண்ட அந்தத் துடுப்பு மீனை (ஓர்ஃபிஷ்) ஆங்கில ஊடகங்கள் 'டூம்ஸ்டே ஃபிஷ்' என்று அழைத்தன. தமிழில் அது 'பேரழிவு மீன்' ஆயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா சுர் கடற்கரையிலும், ஜூன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் துடுப்பு மீன்கள் கரையொதுங்கின. மூன்றையும் ஒரே சரட்டில் கோத்து, பெரும் நிலநடுக்கமோ சுனாமியோ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதியைக் கண்ணால் கண்ட கடற்கரை ஊர்களில் இத்தகைய பேச்சு எளிதில் கரைந்துவிடுவதில்லை. இறந்தவர்களின் படங்கள் இன்னும் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் வீடுகளுக்குள்தான் அந்தக் காணொளியும் வந்து சேர்ந்தது. ஆகவே அச்சப்படுபவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடாமல், அந்த மீன் எங்கே வாழ்கிறது, ஏன் மேலே வருகிறது, அதன் வருகைக்கும் நில அதிர்வுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பதே முறை. துடுப்பு மீனில் தொடங்கும் இந்தக் கேள்வி, கரையோரத்தில் வலையிலும் தூண்டிலிலும் எதிர்பாராமல் ஏறும் எல்லா மீன்களுக்கும் விரிகிறது.

'அபூர்வம்' என்ற ஒரே சொல், நான்கு வேறு நிலைகள்

அபூர்வ மீன் சிக்கியது என்று செய்தி வரும்போது, அந்தச் சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு நிலைகளைக் குறிக்கிறது. குழப்பத்தின் பெரும்பகுதி இவற்றைப் பிரித்துப் பார்க்காததால் விளைவதே.

1. ஆழத்தில் இயல்பாக வாழும் மீன். அது அந்தக் கடலுக்கு அந்நியம் இல்லை. நம் வலையும் தூண்டிலும் எட்டாத ஆழத்தில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. துடுப்பு மீன் இந்த வகை.

2. வழி மாறி வந்த மீன். நீரோட்டத்தோடோ இரையைத் துரத்தியோ தன் வழக்கமான எல்லையைத் தாண்டி வந்த தனி மீன் இது. பெரும்பாலும் ஒரு பருவத்தோடு அதன் கதை முடிந்துவிடும்.

3. முன்பு நிறைய இருந்து, இப்போது அருகிப்போன மீன். மன்னார் வளைகுடாவில் ஒருகாலத்தில் சாதாரணமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்த வேளா மீன் இன்று சிக்கினால் அது செய்தி. இருபுறமும் பற்கள் அமைந்த வாள் போன்ற நீண்ட மூக்கை உடைய இந்த மீனைச் சங்ககாலத்துப் பரதவர் நன்கு அறிந்திருந்தனர் என்றே கருத இடமுண்டு. சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்ட செய்தி பழம்பாடல்களில் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் நட்டு வணங்கும் அளவுக்குப் பழகிய ஓர் உயிரை, இன்றைய இளம் மீனவர் பலர் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நான்கு நிலைகளில் மிகுந்த கவலைக்குரியது இதுவே என்பது என் கருத்து. ஆனால் 'பேரழிவு மீன்' பெற்ற கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

4. புதிதாகக் குடியேறத் தொடங்கிய மீன். முதலில் ஒன்று, அடுத்த ஆண்டு பத்து, பிறகு வலை நிறைய என்று பெருகி, கடைசியில் அபூர்வம் என்ற பெயரையே இழந்துவிடும்.

ஒரே ஒரு மீனைப் பார்த்து அது இந்த நான்கில் எது என்று முடிவு செய்ய இயலாது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் தெரியவரும். அதனால்தான் பதிவு என்பது இந்த விஷயத்தில் மையமாகிறது.

துடுப்பு மீன் என்பது என்ன

துடுப்பு மீன் எலும்பு மீன்களிலேயே மிக நீளமானது. நம்பத்தக்க முறையில் அளக்கப்பட்டவை 8 மீட்டர் வரை நீண்டிருக்கின்றன. 11 மீட்டர் என்ற கூற்றும் அடிக்கடி சொல்லப்படுகிறது. தமிழகத்தில் சிக்கிய மீன் 30 அடி என்று பல செய்திகள் எழுதின. 30 அடி என்பது 9 மீட்டருக்கும் மேல். அது உண்மையாயின் உலக அளவில் ஆராயப்பட வேண்டிய நீளம். கண்ணளவில் சொன்னதாயின் செய்தியில் எழுதியிருக்கக் கூடாத எண். ஒரு அளவு நாடா இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் கேள்வி இது.

உடல் நாடாவைப் போலத் தட்டையானது, செதில் கிடையாது, தசை கூழ் போல மென்மையானது. வாயில் கடிக்கத்தக்க பற்கள் இல்லை. கூனிறால் போன்ற மிதவை உயிர்களை வடிகட்டித் தின்று வாழ்கிறது. சாவாளையைப் போல உடலை நெளித்து நீந்தாமல், தலை மேலாகவும் வால் கீழாகவும் ஏறக்குறைய செங்குத்தாக நின்று, முதுகுத் துடுப்பை மட்டும் அலைபோல் அசைத்து நகர்வதை ஆழ்கடல் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. வலுவான நீரோட்டத்தை எதிர்த்துப் போராடும் உடலமைப்பு அதற்கு இல்லை.

அது வாழும் இடம் பெரும்பாலும் 200 முதல் 1,000 மீட்டர் வரையிலான ஆழம். 200 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி மங்கிவிடுகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: துடுப்பு மீன் கடலின் தரையில் படுத்து வாழும் மீன் இல்லை, தரைக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான நடுநீரில் மிதந்து வாழ்வது. நிலநடுக்க வாதத்தை எடைபோடும்போது இது தேவைப்படும்.

வங்காள விரிகுடாவுக்கு இந்த மீன் புதிதா என்றால், இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களை வரைந்தும் விவரித்தும் 1803-இல் வெளியிட்டார். அவற்றில் ஒன்று துடுப்பு மீன். அந்தப் படத்தை ஆதாரமாகக் கொண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே 1816-இல் அதற்கு ரஸ்ஸலின் பெயரையே சூட்டினார்; ரெகாலெக்கஸ் ரஸ்ஸேலி என்பது இன்றும் அதன் அறிவியல் பெயர். சோழமண்டலக் கரையின் வடபகுதியில் இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே வரையப்பட்டு, உலக அறிவியலுக்கே இந்தக் கரையிலிருந்து அறிமுகமான ஓர் இனத்தை, இங்கே முதல்முறை தோன்றிய தீக்குறி என்று பேசுவதற்கு இடமில்லை.

ஆழத்து மீன் மேலே வருவது ஏன்

காரணம் ஒன்றே ஒன்று இல்லை. பல காரணங்கள் தனித்தனியாகவும் சேர்ந்தும் செயல்படுகின்றன.

1. இரையின் ஏற்றம். மிதவை உயிர்களும் சிறு மீன்களும் பகலில் ஆழத்தில் பதுங்கி, இருட்டியதும் மேலே ஏறி மேய்ந்து, விடியுமுன் இறங்கிவிடுகின்றன. உலகப் பெருங்கடல்கள் அனைத்திலும் ஒவ்வொரு இரவும் நடக்கும் இடப்பெயர்ச்சி இது. அவற்றைத் தொடர்ந்து, அவற்றைத் தின்னும் பெரிய மீன்களும் ஏறுகின்றன. இரவில் விடும் ஆழத் தூண்டிலில் பகலில் காணாத மீன் ஏறுவதற்கு இதுவே முதற்காரணம்.

2. நீர் மேலெழுதல். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கடலிலும் மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலக, கீழிருக்கும் குளிர்ந்த நீர் அந்த இடத்தை நிரப்ப மேலே வருகிறது. அந்த நீரில் உரச்சத்து மிகுதி. ஆனால் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவு. சத்து மிகுந்ததால் இரை பெருகி மீன்பாடு கூடுகிறது. உயிர்வளி குறைந்ததால் சில மீன்கள் தம் வழக்கமான ஆழத்தை விட்டு நகர நேர்கிறது. நீரின் குளிர்ச்சி, கலங்கல், நீவாடு (கடல் நீரோட்டம்) ஓடும் திசை ஆகியவற்றைக் கொண்டு மீனவர்கள் காலங்காலமாகக் கணிப்பதும் இந்த மாற்றத்தைத்தான்.

3. நோயும் காயமும். நடுநீரில் நிலைகொள்ள வலு தேவை. நோயுற்ற அல்லது காயம்பட்ட துடுப்பு மீன் நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டு, மேற்பரப்பின் வெப்பத்தையும் அலையையும் தாங்கமாட்டாமல் சாகிறது. கரையொதுங்கும் துடுப்பு மீன்களில் பெரும்பாலானவை இறந்தோ இறக்கும் தறுவாயிலோ இருப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

4. கருவியின் மாற்றம். மீன் மேலே வராமலேயே நாம் கீழே போயிருக்கலாம். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முட்களைக் கட்டி, கரையிலிருந்து வெகுதொலைவில், பெரும் ஆழத்தில் சுறா பிடிப்பதில் நாடறிந்தவர்கள். அத்தகைய ஆழத் தூண்டில் பெருகப் பெருக, ஆழத்து மீன்கள் கரைக்கு வருவதும் பெருகும்.

நான்காவது காரணத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன்பு இத்தகைய மீன் சிக்கியிருந்தால், ஏலக் கூடத்தில் நின்ற சிலர் பார்த்திருப்பர். அதற்கு விலை இல்லை என்பதால் கடலிலேயே எறியப்பட்டும் இருக்கலாம். இன்று படகிலேயே கேமரா இருக்கிறது. அந்தி சாய்வதற்குள் அந்தப் படம் உலகெங்கும் போய்விடுகிறது. காட்சிகள் கூடியிருப்பதால் மீன்களும் கூடியிருக்கின்றன என்று கொள்ள முடியாது.

வலைக்கும் தூண்டிலுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே கணக்கில் வர வேண்டும். வலை தான் செல்லும் அடுக்கில் உள்ள எதையும் வாரிக்கொள்கிறது. தூண்டிலோ, இரையின் வாசனைக்கும் அசைவுக்கும் மயங்கும் மீனை மட்டுமே தேர்ந்தெடுக்கிறது. மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும் துடுப்பு மீன் தூண்டில் இரையை அரிதாகவே தொடும். சூரை, வஞ்சிரம், பாறை, மயில் மீன், சுறா போன்ற வேட்டை மீன்கள் விரைந்து தொடும். எனவே ஒரு கரையில் தூண்டில்காரர்கள் கண்ட அபூர்வங்களின் பட்டியலும் வலைக்காரர்கள் கண்ட பட்டியலும் ஒன்றாக இருக்காது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக் கடலின் நிலையைத் தீர்மானிப்பது பிழையாகும்.

நிலநடுக்கத்தோடு தொடர்பு: கணக்கு என்ன சொல்கிறது

இந்த நம்பிக்கையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. அங்கே துடுப்பு மீனின் பெயர் 'ரியூகூ நோ சுகாய்', அதாவது கடல் தேவனின் அரண்மனைத் தூதர். 2009-2010 குளிர்காலத்தில் ஜப்பான் கரைகளில் பல துடுப்பு மீன்கள் ஒதுங்கின. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் நேர்ந்தன. இந்த இரண்டையும் இணைத்துப் பேசுவது அதன் பிறகே உலகெங்கும் பரவியது. இடையில் ஓராண்டுக்கு மேல் கழிந்திருந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இந்த இணைப்பைப் படிப்படியாகச் சோதிக்கலாம்.

1. உலகில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட அளவிலான நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 100 முதல் 150 வரை நேர்கின்றன. அதாவது ஏறத்தாழ மூன்று நாளைக்கு ஒன்று. ஆகவே துடுப்பு மீன் எந்த நாளில் கரையொதுங்கினாலும், அடுத்த ஒரு வாரத்துக்குள் உலகின் ஏதோ ஒரு மூலையில் வலுவான நிலநடுக்கம் நேர்வது ஏறக்குறைய உறுதி. இடத்தையும் காலத்தையும் வரையறுக்காத முன்னறிவிப்பு ஒருபோதும் பொய்ப்பதில்லை. அதனாலேயே அதற்குப் பயனும் இல்லை.

2. 2024 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவின் லா ஹோயா கடற்பகுதியில் இறந்த துடுப்பு மீன் ஒன்று மிதந்தது. இரண்டு நாள் கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் 4.4 அளவிலான நில அதிர்வு உணரப்பட்டது. உடனே மீனின் தீர்க்கதரிசனம் என்று செய்திகள் எழுந்தன. 4-க்கு மேற்பட்ட அதிர்வுகள் உலகில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். கலிஃபோர்னியாவோ அவை வழக்கமாக நேரும் நிலம். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தக் கரையில் மேலும் இரண்டு துடுப்பு மீன்கள் கிடைத்தபோதிலும் பேரழிவு எதுவும் தொடரவில்லை; ஆனால் நிகழாத பேரழிவைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை.

3. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை முறையாகவே சோதித்தார்கள். 1928 நவம்பர் முதல் 2011 மார்ச் வரை அந்நாட்டில் பதிவான ஆழ்கடல் மீன் காட்சிகள் 336; அதே காலத்தில் நேர்ந்த 6-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் 221. மீன் காணப்பட்ட இடத்துக்கு 100 கிலோமீட்டருக்குள், 30 நாளுக்குள் நிலநடுக்கம் நேர்ந்ததா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது பொருந்தியது ஒன்றே ஒன்று: 2007-இல் நீகாட்டா பகுதியில் நேர்ந்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, தொடர்பு இல்லை என்பதே. இவ்வளவு பெரிய பட்டியலில் ஒன்று பொருந்துவது தற்செயலுக்கும் குறைவான விளைவாகவே தோன்றுகிறது.

4. இயற்பியல் நோக்கிலும் இந்த வாதம் நிற்கவில்லை. கடல்தரையை ஒட்டி வாழும் மீன் தரையின் நுண்ணிய மாற்றத்தை உணரலாம் என்றாவது ஒருவர் வாதிடலாம். நடுநீரில் மிதக்கும் மீனுக்கு அந்த வாதமும் பொருந்தாது. மேலும், 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கம் நேர்ந்த இடம் சுமத்ரா அருகே, சென்னையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். தமிழகக் கரையை அச்சுறுத்தக்கூடிய பெரும் சுனாமிகளின் பிறப்பிடம் அந்த அளவு தொலைவில் இருக்க, இங்கே சிக்கும் மீன் அதை உணர்ந்து வந்தது என்பதற்கு எந்த வழியும் இல்லை.

நம்பத்தக்க எச்சரிக்கை எது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஹைதராபாத்தில் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் கீழ், சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. நில அதிர்வுக் கருவிகள், ஆழ்கடலில் நீரழுத்தத்தை அளக்கும் மிதவைகள், கரையோர அலை அளவிகள் ஆகியவற்றைக் கொண்டு நிலநடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களில் அது எச்சரிக்கை விடுக்கிறது. 2004-இல் சுமத்ராவிலிருந்து அலை தமிழகக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆனது. அந்த இரண்டு மணிநேரம் அன்று யாருக்கும் பயன்படவில்லை. இன்று அது பயன்பட வேண்டுமானால், எச்சரிக்கை என்ற சொல்லுக்கு மக்களிடம் மதிப்பு குன்றாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு துடுப்பு மீனையும் எச்சரிக்கையாக்கிப் பொய்த்துப்போனால், மெய்யான அறிவிப்பு வரும் நாளில் கால்கள் தயங்கும். படத்தைப் பகிர்ந்துவிட்டு மறந்துவிடுபவர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

அபூர்வம் வழக்கமாவதும் வழக்கம் அபூர்வமாவதும்

ஒரு தனி மீனின் வருகையைவிட, வருகைகள் தொடர்வதா ஓய்வதா என்பதே கடலைப் பற்றி அதிகம் சொல்கிறது. இதற்கு நமக்கு மிக நெருக்கமான சான்று மத்தி. தென்கரையில் சாளை என்றும் நெய்ச்சாளை என்றும் வழங்கும் இந்தச் சிறு மீன், 1980-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய முழுவதும் மலபார்க் கரையின் மீனாகவே இருந்தது. பிறகு கிழக்குக் கரையில் அதன் பிடிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடி, கடலூர், நாகப்பட்டினம் பகுதிகளில் அதற்கென்றே வலைகளும் வாணிபமும் உருவாயின. கடல்நீர் வெப்பமடைந்ததை ஒட்டி அதன் பரப்பு விரிந்ததாக ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஆனால் வெப்பம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னை ஒட்டி இருந்த மத்திப் பிடிப்பு, 2021-இல் 4 ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. மழை, மிதவை உயிர்களின் பெருக்கம், முட்டையிடும் பருவத்தில் நடந்த பிடிப்பு எனப் பல காரணங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன. ஏழையின் மீன் என்று சொல்லப்பட்டது, அந்த ஆண்டுகளில் தன் சொந்தக் கரையிலேயே அரிதாயிற்று.

மத்தியதரைக் கடலில் நடந்தது வேறு வகை. 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடல் உயிர்கள் அங்கே குடியேறிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளிக்கன்னத்துப் பேத்தை மீன் 2003-இல் துருக்கியின் கோகோவா வளைகுடாவில் முதலில் பதிவானது. அன்று அது ஒரு விந்தை. சில ஆண்டுகளிலேயே கிழக்கு மத்தியதரைக் கடல் முழுவதும் பரவி, தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்தும் வலையைக் கிழித்தும், உண்டவர்களை நஞ்சூட்டியும் பெருந்தொல்லை ஆகிவிட்டது. நம் மீனவர்கள் பேத்தையை நன்கு அறிந்தவர்கள், அறிந்தே ஒதுக்குகிறார்கள். அறியாத கரையில் அதே மீன் உயிரைப் பறித்தது.

மூன்றாவது சான்று, போய்த் திரும்பி வந்த மீன். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஸ்கார்பரோ கடலில் 1930-களில் தூண்டில் கழி கொண்டு நீலத்துடுப்புச் சூரை பிடிப்பது செல்வந்தர்களின் பெரும் ஈடுபாடாக இருந்தது. 1933-இல் அங்கே பிடிபட்ட ஒன்றின் எடை 386 கிலோ. அந்த மீன் உண்டு வாழ்ந்த ஹெர்ரிங் மீன்வளம் குன்றியதும், சூரையே மிகையாகப் பிடிக்கப்பட்டதும் சேர்ந்து, 1960-களுக்குள் அது அங்கிருந்து மறைந்தது. 2010-களின் நடுவில் பிரிட்டனின் தென்மேற்குக் கரையில் அது மீண்டும் தோன்றியபோது இளந்தலைமுறைத் தூண்டில்காரர்களுக்கு அது முன்பின் காணாத அதிசயம். அவர்களுடைய பாட்டனார்களின் புகைப்படங்களில் அந்த அதிசயம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறையின் நினைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், திரும்பி வந்ததும் புதிதாக வந்ததும் ஒன்றாகவே தெரியும்.

தூண்டிலில் வந்த தொல்மீன்

இந்த வரலாற்றில் மிக அரிய நிகழ்வு சீலகாந்த் மீனுடையது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அந்த மீன், 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு ஒரு இழுவைப் படகில் வந்தது. அங்கிருந்த சிறு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர், மீன்குவியலில் நீலம் பாய்ந்த அந்த உடலைக் கண்டு எடுத்து வந்து, வரைந்து, மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். அவர் மட்டும் அன்று துறைமுகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்த மீன் எண்ணெய்க்கோ எருவுக்கோ போயிருக்கும்.

அடுத்த மீனுக்காக ஸ்மித் பல மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டு, 100 பவுண்டு பரிசும் அறிவித்து, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையெங்கும் பரப்பினார். பதினான்கு ஆண்டு கழித்து, 1952 டிசம்பரில், கொமொரோஸ் தீவுக்கூட்டத்தின் அஞ்சுவான் தீவில் அகமதி அப்தல்லா என்ற மீனவரின் கைத்தூண்டிலில் அது ஏறியது. ஆனால் அந்தத் தீவு மக்களுக்கு அது புதியதே இல்லை. 'கொம்பெசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். இரவில் ஆழத்தில் விடும் தூண்டிலில் எப்போதாவது ஏறும், உண்ணச் சுவையற்ற மீன் என்று அறிந்தும் வைத்திருந்தார்கள். 1998-இல் இந்தோனேசியாவின் மனாடோவில் இரண்டாவது சீலகாந்த் இனம் அறிவியலின் பார்வைக்கு வந்தபோதும் இதே நிலை. அங்கே அதற்கு 'ராஜா லாவுத்', கடலின் அரசன், என்று பெயர். ஆய்வாளர்களுக்கு அபூர்வமாக இருந்தது, கைத்தூண்டில் பிடித்த எளிய மனிதர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் அதுவரை கேட்கவில்லை.

அறியாத மீன் படகில் ஏறினால்

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கு வரும் செய்திகள் சில உண்டு. வரிசை முக்கியமானது.

1. முதலில் சட்டம். திமிங்கலச் சுறா, வேளா மீன்கள், கடற்குதிரை ஆகியவை 2001 முதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 2022-இல் நிறைவேறிய திருத்தம் பாதுகாக்கப்பட்ட சுறா, திருக்கை இனங்களின் பட்டியலை மேலும் விரித்தது. முதல் அட்டவணையில் உள்ளவற்றைப் பிடிப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தவறுதலாகச் சிக்கி உயிரோடு இருந்தால், படம் எடுப்பதற்காகக் கரைக்கு இழுத்து வராமல் கடலிலேயே விடுவித்துவிட வேண்டும். குஜராத்தில், திமிங்கலச் சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு பலன் தந்து, நூற்றுக்கணக்கான மீன்கள் உயிரோடு திரும்பின. சுமையை மீனவர் தலையில் மட்டும் வைக்காத இத்தகைய ஏற்பாடு எல்லாக் கரைகளுக்கும் தேவை.

2. அடுத்து நஞ்சு. இனம் தெரியாத மீனைச் சமைக்கக் கூடாது. பேத்தை மீனில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதற்கு முறிவு மருந்தும் இல்லை. துடுப்பில் நச்சு முள் கொண்ட மீன்களும் உள்ளதால் வெறுங்கையால் பிடிப்பதும் தவறு.

3. பிறகு அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நாடா வைத்து அளக்க வேண்டும். நாடா இல்லையென்றால், நீளம் தெரிந்த துடுப்புக் கோலையோ கயிற்றையோ பக்கத்தில் கிடத்திப் படம் எடுத்துவிட்டால் பின்னர் அளந்துகொள்ளலாம். மீனை முன்னே நீட்டிப் பிடித்து எடுக்கும் படத்தில் அது இருமடங்கு பெரிதாகத் தெரியும். அந்தப் படத்தால் அறிவியலுக்குப் பயன் இல்லை.

4. படம். தலை இடப்பக்கம் இருக்குமாறு கிடத்தி, துடுப்புகளை விரித்து, முழு உடலும் தெரிய ஒன்று. தலை, வாய், வால் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அண்மைப் படங்கள். இனத்தைப் பிரித்தறியத் துடுப்பு முட்களின் எண்ணிக்கையே பலநேரம் தீர்வு தருகிறது.

5. இடமும் ஆழமும். ஜிபிஎஸ் கருவியில் உள்ள எண்கள், தேதி, நேரம், எத்தனை பாகம் (ஆழத்தை அளக்கும் கைவீச்சு அளவு) ஆழத்தில் கயிறு இறங்கியது, என்ன இரை, நீர் கலங்கலா தெளிவா, நீவாடு எந்தப் பக்கம் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். படத்தை மட்டும் பெற்ற ஆய்வாளர் மீனின் பெயரைச் சொல்லலாம். அது ஏன் வந்தது என்று யோசிக்க இந்தக் குறிப்புகள்தான் அவருக்குக் கைகொடுக்கும்.

6. உடல். பாதுகாக்கப்பட்ட இனமாக இல்லாமல், மீன் இறந்தும் இருந்தால், முழுதாகப் பனிக்கட்டியில் வைத்துக் கொடுப்பது சிறப்பு. இயலாதபோது, துடுப்பின் ஒரு சிறு துண்டைத் தூய எத்தனாலில் இட்டு வைத்தாலே மரபணு ஆய்வுக்குப் போதும். ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையங்கள் உள்ளன. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் நாகப்பட்டினத்தை மையமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தொலைவில் உள்ள ஊர்களில், உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்தால் அங்கிருந்து போய்ச் சேரும். மீனைக் கொடுக்கும்போது பிடித்தவரின் பெயரும், அந்த ஊரில் அந்த மீனுக்கு முதியவர்கள் வைத்திருக்கும் பெயரும் அந்தச் சீட்டில் எழுதப்பட வேண்டும்.